இஞ்சினுக்குச் சுழி பார்த்த மாமனார்

போன வியாழக்கிழமை என் இஞ்சின் ஓடியது.

நம்ப முடியவில்லையா? என்னாலும்தான். பதினான்கு மாதங்களாக உத்தமபாளையத்து வீட்டின் பின்கட்டில் அராவி, கடைந்து, ஒடித்து, மறுபடி அராவிய குட்டி பெட்ரோல் இஞ்சின். உயரம் ஒரு சாண். மேகமலை எஸ்டேட்டில் கழித்துப் போட்ட கால்மிதி லேத்தில் கடைந்த சிலிண்டர். உச்சியில் பழைய பஸ்ஸின் ஸ்பார்க் பிளக் — சின்னப் பிள்ளைக்கு அப்பாவின் தலைப்பாகையைக் கட்டிவிட்ட மாதிரி. சக்கரம், வீட்டுத் தையல் மெஷினுடையது. அனுமதி பெற்றுக் கழற்றியதா? 'பெறவில்லை என்று கொட்டை எழுத்தில் போடவும்' என்று சமையலறையிலிருந்து உத்தரவு.

பிஸ்டன் ரிங் மட்டும் பதினொன்று ஒடித்திருக்கிறேன். வார்ப்பிரும்பு வளையம்... மாட்டும்போது கொஞ்சம் அவசரப்பட்டால் 'டக்'. இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காதவர்கள் ஊரில் பாக்கி இல்லை. என்னிடமும் பதில் இல்லை — மச்சினன் சுருளி வந்து நிற்கும் வரை.

சுருளிக்கு மார்க்கையன்கோட்டையில் வெற்றிலைக் கொடிக்கால். கிணற்றிலிருந்து கமலை மாடு கட்டித்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். சென்ற மாதம் ஜோடியில் ஒன்று செத்துப்போயிற்று. இரவல் மாடு ஒரு நாள் வருகிறது, இரண்டு நாள் வருவதில்லை. கொடி வாடத் தொடங்கிவிட்டது. மதுரையில் ஆயில் இஞ்சின் விற்கிறார்கள். அதை வாங்கிப் பம்ப் மாட்டிவிடலாம் என்பது அவன் கட்சி. மாடுதான் என்பது அவனுடைய அப்பா, அதாவது என் மாமனார், கட்சி. இரண்டையும் வாங்க வசதி கிடையாது.

"வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறேன்னு அய்யா சொல்லிட்டாக மச்சான். ஒரு ஜோடியப் பிடிச்சுட்டு வந்துட்டாகன்னா அதோட இஞ்சின் பேச்சே கெடையாது. எறைச்சே எங்காலம் போயிரும். ஒங்க பொம்ம இஞ்சின ஒருக்க ஓட்டிக் காட்டுங்க. கண்ணால பாத்தா நம்புவாக."

கண் கலங்கியிருந்தான். பொம்மை என்றதை மன்னித்துவிட்டேன்.

மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுக்குச் சுழி பார்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நெற்றியில், முதுகில், முடி எப்படிச் சுழித்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். சரியில்லையென்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எனக்குப் பெண் கொடுக்கும் முன் என் உச்சந்தலையையும் பார்த்தவர் அவர். இரட்டைச் சுழியென்றால் இரண்டு பெண்டாட்டியாமே!

வியாழக்கிழமை காலை மேஜைக்கு எதிர்ப்பக்கம் அவரை உட்கார வைத்தோம். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். புஸ். மறுபடி. புஸ். பெட்ரோலைக் கூட்டினேன், குறைத்தேன், கும்பிட்டேன். மாமனார் கொட்டாவி விட்டார். இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்ற நேரத்தில்... டப்! டப்... டப்டப்டப்டப்!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேவிட்டேன். சுருளி என்னைக் கட்டிக்கொண்டான்.

மாமனார் குனிந்து சக்கரத்தை உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஓடுறதுல கொறையில்ல மாப்ள. ஆனா எடஞ்சுழியால்ல சுத்துது. ஆகாது."

சுருளி என் பக்கம் திரும்பினான். நான் விடுவேனா?

"வலஞ்சுழிதான் மாமா! நல்லாப் பாருங்க!"

"எனக்கா சுழி தெரியாது?"

"எனக்கா என் இஞ்சினைத் தெரியாது?"

பதினான்கு மாதப் பொறுமை அந்த இடத்தில் தீர்ந்துபோனது. இஞ்சின் சத்தத்துக்கு மேல் இருவரும் கத்தினோம். கரண்டியோடு ஓடி வந்த என் மனைவி என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"வலமாத்தானய்யா சுத்துது?"

"புருசனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வாராத ஆத்தா. இங்கன வந்து பாரு."

போனாள். பார்த்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு...

"அங்கன நின்னா வலம். இங்கன நின்னா எடம்! இதுக்காய்யா ரெண்டு பேரும் இந்தக் கத்துக் கத்துனீக?"

பதினான்கு மாதம் அதைக் கட்டினேன். ஒரு நாளாவது மேஜையின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேனா? இல்லை. நம் ஊர்ச் சண்டைகளில் எத்தனை இப்படியோ! எழுந்து நாலு எட்டு நடந்தால் தீர்ந்துவிடும். ஆனால் யார் முதலில் எழுவது?

மாமனார்தான் எழுந்தார். என் பக்கம் வந்து பார்த்தார். தன் பக்கம் போய்ப் பார்த்தார். மேஜையை மூன்று முறை சுற்றியிருப்பார். கோயிலில்கூட அவ்வளவு சிரத்தையாகச் சுற்றிப் பார்த்ததில்லை.

"மாட்ட எங்கன நின்னு பாத்தாலும் அதுக்கு உள்ள சுழிதான்" என்றார் கடைசியில். "இதுக்குச் சுழி நம்ம நிக்கிற எடத்துல இருக்கு. சரிப்பா... வாங்கிருவோம்."

அவர் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகவில்லை. மகனும் மருமகனும் சனிக்கிழமை மதுரைக்குப் போய் இஞ்சினுக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.

நேற்று பம்ப் ஷெட் கட்டக் கொத்தனார் வந்தார். கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல் வைத்தால் காற்று நன்றாக வரும் என்றார்.

"காத்து கெடக்கட்டும்" என்றார் மாமனார். "சக்கரம் வலமாச் சுத்துறது எந்தப் பக்கம் தெரியுமோ அந்தப் பக்கம் மட்டும் வாசல் வையி. மத்த மூணு பக்கமும் ஒரு சன்னல்கூடக் கூடாது!"