அண்ணன் முதல்ல முடிக்கட்டும்

தி.நகர் பயிற்சி மையம் ஒன்றில், விமானி ஆகப் படிப்பவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். நேற்று, முதன்முறை விமானம் ஓட்டிவிட்டு வந்த மாணவி ஒருத்தி சந்தேகம் கேட்க அருகில் வந்தாள். அவள் சட்டையில் விமானப் பெட்ரோல் வாடை.

சாந்தோமில் எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகளின் வாடை அது. அப்பா விமானம் ஓட்டக் கற்றுத்தருபவர். அவருடைய வெள்ளைச் சட்டையை அம்மா தனி வாளியில் ஊறவைப்பாள். குளித்து, ஜெபமாலை சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாய் திறப்பார். பறக்கப் பழக்க அண்ணனைத்தான் கூட்டிப்போவார். அவன் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்து, வெளிறிப்போய்த் திரும்புவான்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா."

"அண்ணன் முதல்ல முடிக்கட்டும்மா."

அண்ணன் முடிக்கவே இல்லை. பேங்க் வேலைக்குப் போய்விட்டான். அதற்குள் அப்பாவுக்குப் பார்வை மங்கி லைசென்ஸ் போயிற்று. எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பைலட் பரீட்சைப் பாடங்களை மட்டும் நானாகப் படித்துத் தேறினேன்.

"நீங்க எவ்ளோ நேரம் பறந்திருக்கீங்க மேம்?" என்று மாணவி கேட்டாள்.

"பயணியாத்தான்மா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்கிறார்: "பைலட்டுங்களுக்கே பாடம் எடுக்குறா எம் பொண்ணு. எல்லாம் நான் வளர்த்த விதம்."

நான் அவரை ஆட்டோவில் ஏற்றி உட்காரவைக்கிறேன்.