அதிகாரி வருகிறார், சாயம் அடி!

ஆழ்கடல் எண்ணெய் மேடைகளைக் கட்டும் யார்டில் சேஃப்டி ஆபீசராக இருப்பது என்றால், கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வது. அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரியாணித் திட்டம்

பாசிர் கூடாங்கில் இருக்கும் எங்கள் யார்டில் ஒரு வழக்கம். சோதனைக்கு வரும் அதிகாரிக்கு முதலில் வயிறு நிறைய பிரியாணி. சாப்பிட்டவர் ஏணி ஏற மாட்டார் என்று எங்கள் மேலாளருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

சென்ற ஆண்டு வந்த அதிகாரி லலிதா, பெக்கோக் ஊர்ப் பெண். கடலில் வேலை செய்பவர்கள் தங்குவதற்காக நாங்கள் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு, அவர் சரி என்றால்தான் கப்பலேறும். மழைக்காலம் தொடங்கிக் கடல் பொங்கிவிட்டால் அப்புறம் மாதக்கணக்கில் யார்டிலேயே கிடக்கும். மேலாளர் சிரித்துக்கொண்டே பிரியாணித் தட்டை நீட்டினார். அந்தப் பெண் பையைத் தட்டிக் காட்டினார்.

"நாசி லெமாக் சோறு தாப்பாவ் பண்ணி, பொட்டலமா கொண்டு வந்துட்டேன் சார். ஏணி எங்க இருக்கு, அத சொல்லுங்க லா."

மூன்றாம் மாடி

அதிகாரி வருகிறார் என்றால் கண்ணில் பட்டதற்கெல்லாம் புதுச் சாயம் அடிப்பது எங்கள் இன்னொரு வழக்கம். கேஸ் கசிந்தால் மோந்து பார்த்து அலாரம் அடிக்கும் கருவிகள் சுவரில் இருந்தன. சாயக்காரர் முனியாண்டி அண்ணன், பளிச்சென்று இருக்கட்டும் என்று அவற்றுக்கும் சேர்த்து அடித்துவிட்டார்.

லலிதா மூன்றாம் மாடியில் ஒரு கருவிமேல் சோதனைக் கேஸைப் பீய்ச்சினார். சத்தமே இல்லை. கருவியை நகத்தால் சுரண்டினார். மஞ்சள் சாயம் உரிந்து வந்தது.

"மூக்க அடைச்சிட்டு மோப்பம் பிடிக்கச் சொன்னா, அது என்னண்ணே பண்ணும்?"

மேலாளரின் கண் ஜாடை

நான்காம் மாடியிலும் இதே கூத்துதான். அங்கே லலிதா இன்னும் ஏறவில்லை. "வாயைத் திறக்காதே" என்று மேலாளர் கண்ணாலேயே சொன்னார். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஆனால் பாலோவில் இருக்கும் என் தம்பி குமாருக்கு, இந்தக் குடியிருப்பு போய்ச் சேரும் எண்ணெய் மேடையில்தான் வேலை கிடைத்திருந்தது. அவன் படுக்கப்போவது அந்த நான்காம் மாடியில். அந்தப் பயம் இதைவிடப் பெரிதாக இருந்தது. "மேடம், மேலயும் இதே கதைதான்" என்று சொல்லிவிட்டேன். மேலாளர் என்னை முழுங்குவதுபோலப் பார்த்தார். லலிதா அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"மறைச்சிருந்தா எல்லாத்தையும் நிறுத்தியிருப்பேன். நீங்களே சொல்லிட்டீங்க. புதுசு மாத்துங்க, மாத்த மாத்த நான் கூடவே இருந்து டெஸ்ட் பண்றேன். மழைக்கு முன்னாடி அனுப்பிடலாம்."

கடலிலிருந்து ஒரு புகார்

மேலாளரே எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டிச் சிங்கப்பூர் போய்ப் புதுக் கருவிகளை வாங்கி வந்தார். முனியாண்டி அண்ணனைச் சாய டின்னோடு தூரத்தில் நிறுத்தினோம். கடைசிக் கருவியும் காது கிழியக் கத்தியபோது எல்லோரும் கை தட்டினோம். மழை தொடங்கும் முன்பே குடியிருப்பு கப்பலேறியது. போன வாரம் மேடையிலிருந்து தம்பி கூப்பிட்டான், ஒரே எரிச்சல்.

"அண்ணே, அலாரம் வேலை செய்யுதான்னு அடிச்சு அடிச்சுப் பாக்குறாங்க, தூங்கவே முடியல. எவன்ணே இதுக்கு ஓகே சொன்னது?"

அவன் தூக்கம் போச்சு என்று திட்டத் திட்ட, எனக்கு என்னவோ நன்றாகத் தூக்கம் வருகிறது.