இடது கைக்குப் போட்ட கட்டு

மலைமேல் இருக்கும் சோங்கோல் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து வரும் காலைகளில் குதிரைகளுக்குக் கால் இருக்காது. வயிறும் கழுத்தும் பிடரியும் மட்டும் வெண்மையில் மிதந்து போகும். கம்பளிக் கூடாரத்தின் வாசலில், சுருட்டிய மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கனிஷாய் அதைப் பார்த்துச் சிரிப்பாள். கால் இல்லாமலும் ஊர் சுற்றலாம் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது போலும்.

அவளுக்கு எட்டு வயது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதில் மூளை முடக்குவாதம் வந்தது. கால்கள் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று விறைத்துக்கொள்ளும். ஆனால் கைகள் நல்ல கைகள். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கூடாரத்தை ஒரு வட்டம் சுற்றி வருவாள், வழியில் அகப்பட்ட ஆட்டுக்குட்டியின் காதைத் திருகுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை தேநீர்க் கிண்ணம் அவள் கையிலிருந்து நழுவியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். பக்கவாதம் வயதானவர்களின் நோய் என்றே நினைத்திருந்த அவள் அம்மா புருல்கானுக்கு அந்தச் சொல் காதில் ஏறவே இரண்டு நாள் ஆயிற்று. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று.

ஒரு கையால் நடைவண்டியைப் பிடிக்க முடியாது. நரின் நகரத்தில் கைப்பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மூளை வேகமாகக் கற்கிற மாதங்கள் இவைதான், கோடைக்குள் வலது கை பிடிக்கப் பழகினால் நடைவண்டி உண்டு, இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான், பிள்ளை வளர்வாள், உன் இடுப்பு வளராது என்றார். வழியும் சொன்னார். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் இடது கையைக் கட்டிவிட வேண்டும். நல்ல கை சும்மா இருந்தால்தான் மற்றது எழுந்து வேலை பார்க்கும்.

ஆகவே, மந்தையோடு மேய்ச்சல் மேட்டுக்கு ஏறி வந்த நாளிலிருந்து புருல்கான் மகளின் இடது கையில் ஒரு கம்பளிக் காலுறையை மாட்டி, கூடாரம் கட்ட முறுக்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளைக் கயிற்றில் ஒரு துண்டை எடுத்துக் கட்டினாள். கைக்கு அகப்பட்ட கயிறு அது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரமும் அவள் வேறு வேலை பார்ப்பதில்லை. முதலில் வலது கை முஷ்டியைத் திறக்க வேண்டும். விரலைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் இறுகும். மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினால் விரல்கள் தாமே நெகிழும். நெகிழ்ந்ததும் உள்ளங்கையைக் கழுவி, இடுக்கெல்லாம் துடைத்து, வடிகட்டி உப்பிட்ட கெட்டித் தயிரை ஒரு கொட்டைப்பாக்கு அளவு வைப்பாள். உருட்டி வெயிலில் காயவைத்தால் குளிர்காலம் முழுவதும் வாயில் அடக்கிக்கொள்ளலாம். கனிஷாயின் கையில் அது உருண்டை ஆகாது, நசுங்கிக் கிடக்கும். நசுங்கட்டும். கூரைத் துளை வழியே விழுகிற வெயில் வட்டம் கம்பளத்தின் பூக்கள்மேல் மெல்ல ஊர்ந்து போகும். புகை அதற்குள் சுழன்று மேலே போகும். புருல்கான் பெண் குதிரைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுப்பாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பிள்ளையின் கண் பாதி மூடியிருக்கும். வெயில் எதிர்ச்சுவர்ப் பெட்டியைத் தொடும்போது கட்டை அவிழ்ப்பாள்.

பக்கத்துக் கூடாரத்து ஜூராவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. புருல்கானின் கணவன் தெமிர்குலுடைய அண்ணன் மனைவி அவள். ஐந்து பிள்ளை பெற்றவள், ஈரமான மனசு, ஈரமில்லாத நாக்கு. பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததும் அதன் இரு கால்களையும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டுவது அங்கே வழக்கம். சிறுவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடி வருவார்கள். முதலில் வருகிறவர் கத்தியால் கயிற்றை அறுப்பார். கண்ணுக்குத் தெரியாத தளை அறுந்துபோய்ப் பிள்ளை தடுக்காமல் நடக்கும் என்பது நம்பிக்கை. கனிஷாய் முதல் அடியே எடுத்து வைக்காததால் அவளுக்கு அந்தச் சடங்கு நடக்கவில்லை. குறையெல்லாம் அதனால்தான் என்று ஜூரா ஏழு வருஷமாக மனசில் வைத்திருந்தாள். இப்போது அதே கயிறு கையிலும் ஏறியிருந்தது.

"கால் கட்டே அறுக்காமக் கிடக்கு. இப்போ கையையும் கட்டுறியா? இது பிள்ளையா, வேலி தாண்டுற குதிரையா?" என்றாள் அவள்.

"டாக்டரம்மா சொன்னாங்க அக்கா. நல்ல கையைக் கட்டினாத்தான் சோம்பேறிக் கை எழுந்திரிக்கும்."

"அந்த டாக்டரம்மாவைக் கட்டிப் போடு. எது எழுந்திரிக்குதுன்னு பார்ப்போம்."

புருல்கான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அது அவள் செய்த தவறு. கூட இருக்கிறவர்களை உட்கார வைத்து, மருந்துக்குச் சொல்வதுபோல் ஏன், எதற்கு, எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்வார்கள்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் காலை குதிரைக்குட்டி ஒன்று ஓடையோரச் சேற்றில் வயிறு வரை புதைந்தது. தெமிர்குல் கூப்பாடு போட்டான். பிள்ளையின் கையைப் புருல்கான் அப்போதுதான் கட்டியிருந்தாள். வெயில் பெட்டிக்கு வரும்வரை கட்டைத் தொடவேண்டாம் என்று ஜூராவிடம் சொல்லிவிட்டு புருல்கான் ஓடினாள். ஜூராவும் தலையை ஆட்டினாள்.

குட்டி வெளியே வர ஒரு மணி நேரம் பிடித்தது. முழங்கால் வரை சேற்றோடு அவள் மேடேறி வந்தபோது பனி கலைந்துகொண்டிருந்தது. எதிர்ச்சரிவில் சின்னச் சின்ன உருவங்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. காற்று ஒலியையெல்லாம் ஏரிப் பக்கம் கொண்டுபோய்விட்டதால் கனவில் நடப்பதுபோல் இருந்தது. கூடார வாசலில் பூக்கம்பளம் விரித்து, அதன் நடுவே கனிஷாயை உட்காரவைத்து, காலில் கயிறு கட்டியிருந்தார்கள். பொரித்த மாவுத் துண்டுகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஜூரா நெடுநாள் திட்டத்தோடுதான் இருந்திருக்கிறாள்.

முன்பல் விழுந்த பெகிமை என்ற ஆறு வயதுப் பெண் முதலில் வந்து கால் கயிற்றை அறுத்தாள். கனிஷாயும் சிரித்தாள். பிறகு ஜூரா குனிந்து கையைக் காட்டினாள். "அதையும் அறுடி கண்ணு."

புருல்கான் கத்தியது காற்றோடு போயிற்று. கனிஷாய் கட்டிய கையை வயிற்றுக்குள் இழுத்து மறைத்தாள். கத்தி அங்கேயும் வந்தது. அப்போது மடியில் கிடந்த வலது கை, தூங்கி எழுந்த வாத்தின் சிறகுபோல, முழங்கை முதலில் கோணிக்கொண்டு, மெல்ல மெல்ல மேலே வந்தது. முஷ்டி பெகிமையின் மணிக்கட்டில் போய் முட்டியது. விரல்கள் விரிந்து அதன்மேல் படிந்து தள்ளின. தள்ளிவிட்டு அங்கேயே இருந்தன.

ஓடி வந்த புருல்கான் முதலில் கத்தியை வாங்கி எட்டாத தூரத்தில் வைத்தாள். பிறகு மண்டியிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். மூன்று விரல் நன்றாக விரிந்திருந்தது. சுண்டுவிரல் பாதி. கட்டைவிரல் உள்ளேதான்.

"பாத்தியா, பாத்தியா? கால் கட்டை அறுத்ததும் கை வந்துடுச்சு," என்ற ஜூராவின் முகத்தில் கண்ணீர் ஓடியது.

புருல்கான் வாதாடவில்லை. இன்னொரு தடவை தள்ளு என்று மகளிடம் சொன்னாள். கை அசையவில்லை. கெஞ்சியும் அசையவில்லை. தானே கட்டைத் தொட்டுப் பார்த்தாள், அதற்கும் இல்லை. ஜூரா கண்ணைத் துடைத்துவிட்டு, பாவம் அவிழ்த்துவிடலாம் என்று கையை நீட்டினாளோ இல்லையோ, வலது கை மறுபடி எழுந்தது.

அப்போதுதான் புருல்கானுக்கு விளங்கியது. பால் கறப்பதும் கொப்பரை கழுவுவதும் இல்லாமல் அம்மா தன்னோடு மட்டும் இருக்கிற நேரம் அந்தக் கட்டு இருக்கும்வரைதான். பிள்ளை கட்டைக் காக்கவில்லை, அந்த நேரத்தைக் காத்தாள்.

"அக்கா, நாளையிலேர்ந்து தினமும் காலையில வாங்க. கட்டைத் திருட வர்ற மாதிரி வாங்க. கத்தி வேண்டாம், கரண்டி போதும்."

"அஞ்சு பெத்தவளைத் திருடி ஆக்கிட்டியே."

"உங்களைப் பாத்தாத்தான் அவளுக்குக் கை வருது. நான் என்ன செய்ய?"

ஜூரா முறைத்துக்கொண்டே வந்தாள். மறுநாளும் வந்தாள். ஆகஸ்டு முழுக்க, வெயில் வட்டத்தின் ஓரத்தில் கரண்டியோடு பதுங்கிப் பதுங்கி வருவாள். பத்துத் தடவை தள்ளு வாங்குவாள். கரண்டியைப் பிடுங்கிக்கொள்ளவும் விடுவாள். பிடுங்கும்போது கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கால் கட்டு அறுந்ததால் வந்த பலன் என்று அவளும், பயிற்சியால் என்று புருல்கானும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இருவரும் ஒரு நாளும் வேலையை நிறுத்தவில்லை.

செப்டம்பரில் புல் மஞ்சளானது. கூடாரத்தைப் பிரிப்பதற்கு முந்தின நாள் புருல்கான் நடைவண்டியை வெளியே எடுத்தாள். அதன் வலப்பக்கப் பிடியில் கம்பளித் துண்டைச் சுற்றித் தடிமனாக்கியிருந்தாள். கட்டில்லாத இடது கை உடனே பிடித்துக்கொண்டது. வலது கை யோசித்து, கோணி, வந்து விழுந்து, பிடித்தது. கனிஷாய் நகர்ந்தாள். கால்கள் ஒன்றையொன்று பின்னின, பிரிந்தன. கூடாரத்தின் பின்புறம், அரை வட்டம் முடிகிற இடத்தில், விரல்கள் கழன்றன.

ஜூரா தூக்கிக்கொள்ளப் போனாள். புருல்கான் அவளைத் தடுத்து, அங்கேயே ஒரு சேணத்தைப் போட்டு மகளை உட்காரவைத்தாள்.

"மூச்சு வாங்கட்டும் அக்கா. மீதியை மத்தியானம் பார்க்கலாம்."