இரண்டு தளபதிகளுக்கு ஒரு துபாஷி

அத்தை ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய கோடையில் எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கை அவள். அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெட்டியை இறக்க அப்பாவும் வண்டிக்காரரும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே சேலைகள் நாலைந்துதான். மீதியெல்லாம் சரித்திரப் புத்தகங்கள்.

எதற்காக வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுப்படியில் அம்மா முணுமுணுத்ததிலிருந்து நானாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டதுதான். அத்தைக்குப் பரமக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்க ஆர்டர் வந்திருந்தது. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குப் போய்ச் சேர வேண்டும். மாமாவும் அருப்புக்கோட்டையில் சரித்திர வாத்தியார்தான். பெண்டாட்டி தனியாக வேறு ஊரில் குடியிருந்து வேலை பார்ப்பதாவது என்று அவர் மறித்துவிட்டார். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இருவரும் மதுரையில் ஒரே வருஷம் வாத்தியார் படிப்புப் படித்தவர்கள். பரீட்சையில் ஒரு பேப்பரில் இவள் முந்தினால் அடுத்ததில் அவர் முந்துவாராம். அந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் பெரியவர்கள் முடித்துவைத்தார்கள். "ரெண்டு பேரும் சரிக்குச் சரி படிச்சதுதான் தப்பாப் போச்சு," என்பாள் அம்மா. "ஒருத்தரு கொஞ்சம் கொறைஞ்சிருந்தா இந்நேரம் பிரச்சினை தீந்துருக்கும்."

எம்.ரெட்டியபட்டியில் எங்களுக்குப் பருத்தி வியாபாரம். சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் விளைவித்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து போடும் பருத்தி, வீட்டை ஒட்டிய கிட்டங்கியில் கூரையைத் தொடுமளவு குவிந்து கிடக்கும். வெளியே கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். திருச்சுழி ரோட்டில் வரும் பஸ் முதலில் கானலில் மிதக்கும். அப்புறம்தான் அதற்குச் சக்கரம் முளைக்கும். அந்த வெயிலிலிருந்து கிட்டங்கிக்குள் நுழைந்தால் வேறு தேசம். ஓட்டுச் சந்து வழியாக விழும் வெளிச்சத்தில் பஞ்சுத் துகள்கள் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நின்றுகொண்டிருக்கும். அத்தை பகலெல்லாம் அங்கேதான் இருந்தாள். பருத்திக் குவியலில் இடுப்புவரை புதைந்துகொண்டு புத்தகம் படிப்பாள். நான் பக்கத்தில் புதைந்துகொள்வேன்.

அங்கேதான் அவள் எனக்கு அந்தச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். கடலுக்கு அப்பால் கார்த்தேஜ் என்றொரு ஊர். அதன் தளபதி யானைகளைக் கூட்டிக்கொண்டு பனிமலையைத் தாண்டி ரோமாபுரிமேல் படையெடுத்துப் போகிறான். அவன் பெயர் என் நாக்கில் புரளவில்லை. அதனால் அத்தை அவனை யானைக்காரன் என்றே சொன்னாள். நான் பனியைப் பார்த்ததில்லை. அத்தை ஏழெட்டுப் புளியங்கொட்டைகளை எடுத்துப் பருத்தி மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினாள். சில கொட்டைகள் புதைந்து காணாமல் போயின. நான் கையைவிட்டுத் துழாவித் தேடினேன். அன்று ராத்திரி தூக்கத்தில், வெள்ளைக் காட்டில் யானைகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன.

மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா, கையில் எனக்குக் காராச்சேவுப் பொட்டலம். "வாங்க மாப்ளை" என்று அப்பா நாற்காலியைத் துடைத்துப் போடுவார். மழை வராததைப் பற்றிப் பேசுவார்கள், பஸ் நேரத்துக்கு வராததைப் பற்றிப் பேசுவார்கள். அத்தையைப் பற்றி மட்டும் பேச்சு வராது. அத்தையும் கிட்டங்கியைவிட்டு வெளியே வர மாட்டாள். சாயங்காலம் மாமா போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை யானைகளை மலையின் அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மாமா நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாப்பா, யானைய எறக்குனதெல்லாம் சரி. அந்தக் குளிரு முடியிறதுக்குள்ள எத்தனை யானை மிஞ்சுச்சுன்னு ஒங்க அத்தைகிட்டக் கேளு."

நான் திரும்பிக் கேட்டேன். அத்தை புத்தகத்தைவிட்டு முகத்தை எடுக்கவில்லை.

"ஒன்னுதான் மிஞ்சுச்சுன்னு சொல்லு. அதுக்கப்புறம் பதினஞ்சு வருசம் ரோமாபுரிக்காரங்களால அவன வெளியேத்த முடியலன்னும் சேத்துச் சொல்லு."

சொன்னேன். மாமா மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. அவர்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை என்பது எனக்கு எப்படித் தெரியும்? பெரியவர்கள் இருவருக்கு நடுவே செய்தி கொண்டுபோகும் பெருமையில் நான் ஒரு அங்குலம் வளர்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் மாமா சாக்பீஸ் கொண்டுவந்தார். கிட்டங்கிக்கு இரட்டைக் கதவு. ஒரு கதவைச் சாத்தி, அதன் பின்னால் அத்தை உட்கார்ந்துகொண்டாள். வாசல் தளத்தில் மாமா சாக்கை விரித்து உட்கார்ந்து போர்க்களத்தை வரைந்தார். யானைக்காரனைச் சண்டையில் ஜெயிக்க முடியாத ரோமாபுரிக்காரர்கள் கடைசியில் ஒரு வாலிபத் தளபதியைக் கண்டுபிடித்தார்களாம். அவன் யானைக்காரனை எதிர்க்காமல் நேரே கடலைக் கடந்து அவன் சொந்த நாட்டிலேயே போய் இறங்கினான். யானைக்காரன் ஓடோடித் திரும்பி வந்தான். இருவரும் ஒரு வெட்டவெளியில் சந்தித்தார்கள். பருத்திக்கொட்டை காலாட்படை, மிளகாய் வத்தல் குதிரைப்படை, முன்வரிசையில் புளியங்கொட்டை யானைகள். மாமா ரோமாபுரி. அத்தை யானைக்காரன்.

"யானைய ஓட்டிவிட்டாச்சான்னு கேளு."

"ஓட்டிவிட்டாச்சாம் மாமா."

மாமா தன் காலாட்படையை நகர்த்தி நடுநடுவே சந்து விட்டார். "நான் வழி விட்டுட்டேன். யானை யாரையும் மிதிக்காம அந்தச் சந்து வழியா பின்னால போயிருச்சுன்னு சொல்லு."

கதவுக்குப் பின்னால் இருந்த அத்தைக்குத் தளத்தில் இருப்பது தெரியாது. பார்க்காமலே அவளுக்கு ஒவ்வொரு கொட்டையும் இருந்த இடம் தெரிந்திருந்தது. "அது புத்தகத்துல உள்ளது," என்றாள். "நான் யானைய முன்னால விடல. ரெண்டு பக்கமும் குதிரைக்கு எதிரா நிறுத்தியிருக்கேன். அவுக என்ன செய்வாகன்னு கேளு."

மாமா வெகுநேரம் யோசித்தார். பேனா மூடியைக் கடித்தார். அம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஆடை கட்டியது. அவர் ஒன்று சொன்னால் அத்தை அதற்கு ஒன்று வைத்திருந்தாள். அத்தை ஒன்று சொன்னால் அவர் அதை முன்பே நினைத்திருந்தார். சாயங்கால பஸ் வரும்வரை யாரும் ஜெயிக்கவில்லை. கொட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். கோழி கிளறிவிடாதபடி அந்த வாரம் முழுக்க நான் போர்க்களத்தைக் காவல் காத்தேன். என் மனசெல்லாம் யானைக்காரன் பக்கம். சரித்திரத்தில் அவன் தோற்றுவிட்டான் என்று அத்தை சொல்லியிருந்தாள். எங்கள் கிட்டங்கி வாசலில் அவன் ஜெயிப்பான் என்று நான் நம்பினேன்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. மாமா அன்று சேவு வாங்கி வந்திருந்தார், ஆனால் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். சாக்கில் உட்கார்ந்தார். கொட்டைகளைத் தொடவில்லை.

"பாப்பா, நாம ஒன்ன விட்டுட்டோம். சண்டைக்கு முந்தி ரெண்டு தளபதியும் தனியாச் சந்திச்சாங்க. படையெல்லாம் தூரத்துல நிப்பாட்டிட்டு, ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒரு துபாஷிய மட்டும் நடுவுல வச்சுக்கிட்டுப் பேசுனாங்க. யானைக்காரன் சமாதானம் கேட்டான். ஒங்க அத்தைக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு."

கேட்டேன். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அத்தை எழுந்து நின்றிருந்தாள். பருத்தி அவள் சேலையெல்லாம் ஒட்டியிருந்தது.

"இருக்குன்னு சொல்லு. எதிராளி என்ன சொன்னான்னு அவுகளுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு."

"சமாதானம் கெடையாது, அடங்கிப் போகணும், இல்லாட்டி சண்டைன்னு சொன்னான்," என்றார் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அப்ப அவனுக்குச் சின்ன வயசு. பாப்பா, இன்னைக்குச் சமாதானம்னா யானைக்காரன் என்ன கேப்பான்னு கேட்டுட்டு வா."

நான் சாத்திய கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். அத்தையின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"படையக் கலைக்க மாட்டேன். அது ஒன்னுதான். மத்தது எல்லாம் அவுக சொல்ற மாதிரி வச்சுக்கலாம்னு சொல்லு." படை என்றது பரமக்குடி வேலையை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

உள்ளேயிருந்து வாசலுக்கு நாலு எட்டு. அந்த நாலு எட்டுக்குள் எனக்கு இவ்வளவும் தோன்றியது: சமாதானம் ஆகிவிட்டால் சண்டை இல்லை. ஒரு வாரமாகக் கோழிக்குக் காத்த யானைகள் நின்ற இடத்திலேயே நின்றுபோகும். யானைக்காரன் ஜெயிக்கவே முடியாது. மாமா இனி ஞாயிற்றுக்கிழமை வரவும் மாட்டார்.

"சமாதானம் வேண்டாமாம் மாமா," என்றேன். "சண்டைதானாம்."

மாமா நிமிர்ந்து பார்த்தார். என்னை அல்ல, சாத்தியிருந்த கதவை. நான் அவர் ஒரு வத்தலையோ கொட்டையையோ நகர்த்துவார் என்று காத்திருந்தேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்று எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"என்ன மாப்ளை, எலை போடப் போற நேரத்துல," என்று அப்பா பின்னாலேயே போனார்.

"இல்லைங்க, ஒரு சோலி இருக்கு," என்றார் மாமா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. ரோட்டோர வேப்பமரத்தடியில் வெயிலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கானலுக்குள் பஸ் மிதந்து வந்து அவரைக் கரைத்துக்கொண்டு போயிற்று. அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை.

மறுநாள் விடியலில் அப்பா தகரப்பெட்டியைத் தூக்க, அத்தை பரமக்குடிக்குப் போனாள். தெரு முனைவரை நான் போனேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு பஸ் ஏறினாள். கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்போதுதான் என் பொய் எனக்கு உறைத்தது. அந்தச் சேவுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். நமுத்துப்போய் எறும்பு ஏறிய பின் அம்மா எடுத்து வீசினாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. துபாஷி பொய் சொன்னால் என்ன தண்டனை என்று அத்தையிடம் கேட்டுவைத்துக்கொள்ளாமல் போனோமே என்று இருந்தது.

ஐப்பசியில் முதல் மழை பெய்து கரிசல் குழைந்து கிடந்தபோது பரமக்குடியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அங்கே போய் இறங்கியிருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். நாலு வருஷம் அப்படி இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு. பிறகு மாமா மாற்றல் வாங்கிக்கொண்டு பரமக்குடிக்கே போய்விட்டார். மூத்த பிள்ளை அங்கேதான் பிறந்தான். குடும்பத்தில் எல்லோரும் மறந்துபோனார்கள். நான் மறக்கவில்லை.

என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுதான் அத்தையிடம் அதைச் சொன்னேன். மாமா வெளியே போயிருந்தார். அத்தை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"கோட்டிப் புள்ள," என்றாள். "நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான நின்னேன். நீ சொன்னது கேட்டுச்சு."

"அப்ப நீங்க சொன்னது மாமாவுக்கு?"

"கேக்காம என்ன? கதவு என்ன கோட்டைக் கதவா?"

"பெறகு ஏன் ரெண்டு பேரும் பேசாம இருந்தீக?"

அத்தை சிவப்பு மையைத் தொட்டு ஒரு மதிப்பெண்ணைப் போட்டாள். "கேட்டுச்சுன்னு மொதல்ல அவுக சொல்லுவாகன்னு நான் நின்னேன். நான் சொல்லுவேன்னு அவுக நின்னாக," என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

ஒரு பெரிய சமாதானத்தைக் கெடுத்துவிட்டதாக அத்தனை வருஷமும் நான் பயந்திருந்தேன். உண்மையில் ஒரு வார்த்தைகூட என் வழியாகப் போகவில்லை. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அவர்கள் நேராகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தவரை இருவருக்கும் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.