ஆளுக்கொரு துடுப்பு

தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை கம்பெனியில் நானும், நான் அக்கா என்று கூப்பிடும் என் மூத்த ஓரகத்தியும் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். வேலையை விட்டுவிட்டு, ஒரு ஷெட் பிடித்து நாங்களே பொம்மை செய்யலாம் என்று முடிவெடுத்திருந்த நேரம். "ஒரே வூட்டு மருமவளுங்க ரெண்டு பேரு சேந்து தொழிலா? ஒரு மாசம் தாங்காது" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான். வீட்டில் நான் சொல்லி அக்கா எதையும் கேட்டதில்லை.

அப்போதுதான் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் வேன் வைத்துப் பிச்சாவரம் போனோம். நானும் அக்காவும் ஏறிய சின்னப் படகு, மற்ற படகுகளை விட்டு விலகி ஒரு குறுகலான கால்வாய்க்குள் போய் அலையாத்தி மர வேர்களில் சிக்கிக்கொண்டது. படகுக்காரர் வேரைப் பிடித்துத் தள்ளினார். படகு விடுபட்டது, ஆனால் வேரில் ஒட்டியிருந்த சிப்பி அவர் உள்ளங்கையை ஆழமாகக் கிழித்துவிட்டது. அக்கா சட்டென்று புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினார். அப்படியும் ரத்தம் நிற்கவில்லை. கத்திப் பார்த்தோம், பதில் இல்லை.

"நகருங்கண்ணே, நாங்க போடறோம்" என்றார் அக்கா. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு துடுப்பைப் பிடித்தோம். களிமண் பிசைந்து உரமேறிய கை அக்காவுக்கு. அவர் இழுத்த இழுப்பில் படகு என் பக்கமே திரும்பி மறுபடி வேரில் முட்டியது.

"நீ இழுக்கவே மாட்டேங்கிற!"

"நீங்கதான் அவசரப்படுறீங்கக்கா!"

படகுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சண்ட வேணாம்மா. ரெண்டு துடுப்பும் ஒண்ணா வுழுந்தா போதும். வழிய நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

அக்கா தன் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எண்ணு. நீ எண்ணுற வேகத்துக்கு நான் இழுக்கறேன்" என்றார்.

எண்ணினேன். படகு நேராகப் போயிற்று. உள்ளங்கை கொப்புளிக்கக் கரை சேர்ந்தோம். படகுக்காரரை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் தையல் போட்டார்கள்.

அடுத்த மாதமே ஷெட் திறந்தோம். அக்கா களிமண் கரைசலை அச்சில் ஊற்றி எடுப்பார், நான் ஈரம் காய்வதற்குள் பொம்மையின் ஓரங்களைச் சீவ வேண்டும். முதல் வாரம் அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. காய்ந்துபோன பொம்மைகள் என் கையிலேயே உடைந்தன. திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றேன். அக்கா உடைந்ததையெல்லாம் தண்ணீரில் போட்டு மறுபடி கரைத்தார். "ஒரு நாளைக்கு எத்தன சீவுவ, சொல்லு. அத்தன மட்டும் ஊத்தறேன்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் சூளையிலிருந்து எங்கள் முதல் பொம்மைகள் விரிசலில்லாமல் வெளியே வந்தன. சிரித்த சொந்தக்காரர்களே நவராத்திரிக்கு வந்து கேட்டு வாங்கிப்போனார்கள். என்னைவிடப் பலசாலியான அக்கா எனக்காகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டாரே, எந்தப் புது வேலையிலும் துணிந்து இறங்கும் தைரியம் எனக்கு இன்றும் அதிலிருந்துதான் வருகிறது.