லெவன்த் க்ராஸுக்கு அடுத்தது செவன்த் க்ராஸ்

ரயில் நேரம், அறை வாடகை, நல்ல தோசை கிடைக்கும் இடம் என்று இந்த வலைப்பூவில் பதினான்கு வருடமாக எழுதுகிறேன். இந்த முறை போன இடம் எது என்றே எனக்கு முழுதாகப் புரியவில்லை. பைக்கிலிருந்து விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டை விட்டு நகரக் கூடாது. மூன்றாவது ஞாயிறு, சர்ச்சிலிருந்து திரும்பிய என் மனைவி ஸ்டெல்லா, "உர்ருனு உக்காந்திருக்கிறதுக்கு என் கிரகத்துக்கு வர்றீங்களா?" என்றாள்.

ஸ்டெல்லா கணக்கு டீச்சர். கூட வேலை பார்க்கும் இருவரோடு கம்ப்யூட்டரில் விண்வெளி விளையாட்டு ஆடுவது தெரியும். அதில் சொந்தமாக ஒரு கிரகம் வைத்திருப்பது தெரியாது.

காலை 10.40க்குப் புறப்பாடு. சோபாவிலிருந்து மேஜைக்கு நான்கடி, செலவு பூஜ்யம். நான் ஹாலில், அவள் படுக்கையறையில். நடுவில் ஒரு சுவர், பேச்சு ஹெட்போனில்.

மனிதர் வாழத் தகுந்த கிரகம்தான். முகமூடி இல்லாமல் மூச்சு விடலாம். ஆனால் பகல் மொத்தமே இருபது நிமிடம். கிழக்கு எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் சூரியன் விழுந்துவிட்டது. புல் ஊதா, ஏரி சிவப்பு. தண்ணீரில் இரும்பு அதிகமாம். தாமிரம் காலில் இடறுகிறது, மரம் மட்டும் கிடையாது. ஒருவகைப் பெரணியின் தண்டை அழுத்திப் பலகையாக்கி ஸ்டெல்லா வீடு கட்டியிருக்கிறாள். எதைப் பார்த்தாலும் "இது எதுக்கு?" என்று கேட்டேன். மூன்றாவது தடவைக்கு மேல் புரியாமலே தலையாட்டினேன்.

அரிதான பொருள் ஒன்றே ஒன்று, நீல உப்பு. கப்பலுக்கு அதுதான் எரிபொருள். அடுத்த கிரகத்துக்குத் தாவ அறுபது கிலோ வேண்டும். மூன்று மாதம் சுரண்டிச் சேர்த்திருந்தாள். அன்று பன்னிரண்டு மணிக்கு மூவரும் சேர்ந்து கிளம்பும் திட்டம். தவறினால் மற்ற இருவரும் போய்விடுவார்கள், இவள் மட்டும் தனியே நிற்க வேண்டியதுதான்.

கிடங்கில் உப்பு மூட்டையை என் முதுகில் ஏற்றினாள். "நான் முன்னாடி போய் இன்ஜினை சூடு பண்றேன். நீங்க நேரா வந்து செவன்த் க்ராஸ்ல லெஃப்ட் எடுங்க, கப்பல் தெரியும். இருட்டுனா மழை வரும். நனைஞ்சா கரைஞ்சிடும், பாத்து வாங்க."

தொள்ளாயிரம் மீட்டர், ஆறு நிமிட நடை. சுரங்கப் பாதைகளுக்கு நம்மூர்க் குறுக்குத் தெருக்கள் மாதிரியே க்ராஸ் நம்பர் போட்டுப் பலகை வைத்திருந்தாள். ஃபோர்த், ஃபிஃப்த், சிக்ஸ்த் வந்தன. அடுத்தது லெவன்த். தாண்டி வந்துவிட்டேனோ என்று திரும்பி நடந்தேன். மறுபடி சிக்ஸ்த். மறுபடி லெவன்த்.

"எங்க இருக்கீங்க?"

"இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்."

நீலசந்திரா சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் இதையேதான் சொல்வேன். இந்த ஊரில் இதைச் சொல்லாதவர் யார்? கேட்டவர் நம்பவும் மாட்டார். அன்று அவள் நம்பினாள்.

சூரியன் சாய்ந்தது. கூட ஆடும் இருவரில் ஒருவரான கன்னடக்கார டீச்சர், "ஸ்டெல்லா, பேகா பாம்மா", சீக்கிரம் வா என்று ஹெட்போனில் அவசரப்படுத்தினார். நான் இரண்டாவது முறை "வந்துட்டேன்" என்றபோது தூறல் விழுந்தது. முதுகில் அறுபது, நாற்பத்தொன்று ஆனது. ஓடினேன், எந்தப் பக்கம் என்று தெரியாமலே. ஒன்பது. பிறகு மூட்டை மட்டும்தான் இருந்தது.

செவன்த் க்ராஸ், லெவன்த்துக்கு அடுத்ததாக இருந்தது. தோண்டிய வரிசையில் நம்பர் போட்டிருக்கிறாள். க்ராஸ் நம்பர்கள் வரிசை தப்பிக் கிடக்கும் பெங்களூரில் இருபத்தாறு வருடம் இருந்தவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கக்கேடு.

மற்ற இரண்டு கப்பல்களும் கிளம்பின. ஸ்டெல்லா ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஹாலுக்கு வந்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வழி தெரியலைன்னு சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீயே தூக்கிட்டுப் போயிருக்கலாமே, எங்கிட்ட ஏன் கொடுத்தே?"

"நீங்க போன ஊரெல்லாம் இத்தனை வருஷமா நான் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு ஊருக்குக் கூட வர்றியான்னு நீங்க கேட்டதில்லை. நான் இருக்கிற ஊருக்கு நீங்க வந்தது இதான் முதல் தடவை. உங்களுக்கும் ஏதாவது வேலை இருக்கட்டும்னு கொடுத்தேன்."

அவள் சாதம் வைக்கப் போய்விட்டாள்.

போகிறவர்களுக்கு: நீல உப்பு ஏரியின் வடகரையில் கிடைக்கிறது, விடிந்தவுடன் சுரண்டுவது நல்லது. மூட்டைக்கு மேல் பெரணிப் பலகை கட்டிக்கொள்ளுங்கள். க்ராஸ் நம்பரை நம்பாதீர்கள்.

கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு வாரம். தினமும் இரண்டு கிலோ சுரண்டுகிறேன். முந்தாநாள் ஏரிப் பக்கம் மறுபடி திசை தெரியவில்லை. இருட்டத் தொடங்கியது. ஹெட்போனில் அல்ல, சுவர் வழியாகவே கத்தினேன்: "ஸ்டெல்லா, எங்க இருக்கேன்னே தெரியலைம்மா."

"அங்கேயே நில்லுங்க," என்றாள். "நான் வர்றேன்."