முந்நூறு வருஷத்துக்குப் பொறுப்பு

காலை எட்டே காலுக்குக் கிடங்கின் இரும்புக் கதவைத் திறந்ததும், முதல் வரிசைப் பீப்பாய் ஒன்றை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். "அடங்கித்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'நிலைமை திருப்தி' என்று எழுதுவார். உள்ளே சிமெண்டில் இறுகிக் கிடக்கும் அணுக்கழிவு தட்டினால் பதில் சொல்லாது என்பது அவருக்கும் தெரியும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தட்டு மூன்றாகும்.

அணுமின் நிலையத்தின் பின்கோடியில் இருக்கும் கழிவுக் கிடங்குக்கு அவர் பொறுப்பாளர். 'முந்நூறு' என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவரை வாயில்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும். பார்வையாளர் யார் வந்தாலும், "முந்நூறு வருஷத்துக்கு நீங்க நிம்மதியாத் தூங்கலாம்" என்பார், ஏதோ அவரே தலைமாட்டில் உட்கார்ந்து விசிறப் போவது போல. கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறவர்களுக்குச் சம்பந்தி வீட்டை உதாரணம் காட்டுவார்: "தள்ளி நிக்கணும், சீக்கிரம் கிளம்பணும், நடுவுல ஒரு சுவர் இருக்கணும். அவ்வளவுதாங்க விஞ்ஞானம்."

அவர் மனைவியின் கட்சி வேறு. "முந்நூறு வருஷக் குப்பையைப் பாத்துக்கறாராம். வீட்டுல மூணு நாள் குப்பை நாறுது, தெருமுனை வரைக்கும் கொண்டுபோகக் கை வரல."

உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்டும் சிறு வில்லையை மற்றவர்கள் வேலை முடிந்ததும் கழற்றிப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். இவர் கல்யாண வீட்டுக்கும் சட்டையில் குத்திக்கொண்டு போவார். பதக்கம் என்று நினைப்பவர்களைத் திருத்துவதில்லை.

சென்ற வாரம் மேலாளர் கூப்பிட்டு, தணிக்கைக் குழு வருகிறது, நிலையம் இன்னும் இருபது வருஷம் ஓட அவர்கள்தான் அனுமதி தர வேண்டும், கிடங்கு பளிச்சென்று இருக்கட்டும் என்றார். முந்நூறு களத்தில் இறங்கிவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பீப்பாய்களையும் பளுதூக்கியால் வெளியே இறக்கி, துருவைச் சுரண்டி, மஞ்சள் பெயிண்ட் அடிக்க வைத்தார். "ஒரு புள்ளி விடக் கூடாது" என்று பக்கத்திலேயே நின்றார். ஒரு புள்ளியும் விடவில்லை. பீப்பாய் மேல் எழுதியிருந்த எண்ணையும் விடவில்லை.

கண்டுபிடித்தது, அவருக்குக் கீழ் அளவுக்கருவி பிடிக்கும் இருபத்தாறு வயதுப் பெண்.

"சார், இதுல எது எந்தப் பீப்பாய்?"

"எல்லாம் நம்ம பீப்பாய்தாம்மா."

"விளையாடாதீங்க சார். சிலது முப்பது வருஷத்துல வீரியம் போயிடும், சிலதுக்கு முந்நூறு வேணும். நம்பர் இல்லாம எப்படிப் பிரிக்கிறது? ஒவ்வொண்ணா அளக்கணும், மூணு மாசம் ஆகும். தணிக்கையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

அவர் ஓய்வுபெற ஐந்து வாரம்தான் இருந்தது. பாராட்டு விழாவுக்கு ஏற்புரைகூட எழுதி வைத்திருந்தார். தள்ளி வைக்கச் சொன்னால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பக்கத்தில் நின்று பெயிண்ட் அடிக்க வைத்த மகராசன் யார் என்று கேட்பார்கள்.

"ஒண்ணுலேருந்து வரிசையா எழுதிடலாம்மா. எவன் திறந்து பாக்கப்போறான்?"

"முப்பது வருஷம் கழிச்சு, வீரியம் போனதைத் திறப்பாங்கல்ல? நம்பர் மாறியிருந்தா போகாததைத் திறந்திடுவாங்க."

"அப்ப நான் இருக்க மாட்டேனே."

"நான் இருப்பேன் சார். அம்பத்தாறு வயசுல, இதே கிடங்குல. திறக்கறது என் கைதான்."

அவருக்கு உண்மையிலேயே மனசு சங்கடப்பட்டது. அவளுக்கு ஒரு டீ சொன்னார், சர்க்கரை கொஞ்சம் கூடவே போடச் சொன்னார். பிறகு கறுப்பு பெயிண்டை எடுத்துவரச் செய்து, சாயங்காலத்துக்குள் ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை தன் கையாலேயே எழுதி முடித்தார். எண்கள் முத்து முத்தாக இருந்தன. மேலாளர் வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார்.

மறுநாள் தணிக்கைக் குழு வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, படிவத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. 'எண்களைச் சரிபார்த்தவர்' என்ற இடம் மட்டும் காலி.

"உன் கையெழுத்து என்னுதைவிட அழகும்மா" என்றார்.

அவர் மூடியைத் தானே கழற்றிப் பேனாவை அவள் முன்னால் வைத்தார். படிவத்தை அவள் பக்கமாகத் திருப்பி, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாதபடி அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.